உயிரோடு இருந்த சித்திக்கு ஒரு மன்றாட்டு

பீங்கான் யூனிட்டில் ஃபியூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது என் வேலை. சுடாத மண், கொஞ்சம் அழுத்தினாலே நசுங்கிவிடும்.

அப்பா இறந்த பிறகு எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடக்கும். பஸ் ஏறவே பயம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். “ரெண்டு வாரத்துக்கு மட்டும்தாம்மா. அப்புறம் வந்து பாருங்க” என்றார்.

மாத்திரை போட்ட அன்றே நெஞ்சு அடங்கிவிட்டது. அதனால்தான் நான் திரும்பப் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர், சீட்டைக் கேட்காமலே கொடுத்தார். ராத்திரி ஒன்று என்பது ரெண்டாகி, பிறகு மத்தியானமும் ஒன்று என்றானது. ஒன்றரை வருஷம் போனதே தெரியவில்லை.

ஒருநாள் கடைக்காரரே, “புதுச் சீட்டு இல்லாம இனிமே தரமுடியாதுங்க” என்றுவிட்டார். ரெண்டே நாளில் கை நடுங்க ஆரம்பித்தது. எடுத்த கட்டையெல்லாம் நசுங்கியது. டாக்டரிடம் சொல்ல வெட்கம். திட்டக்குடி மருந்துக்கடைகளில் என்னை யாருக்கும் தெரியாது. லீவுக்குக் காரணம் வேண்டுமே என்று, சூப்பர்வைசரிடம் “நல்லூர்ல எங்க சித்தி இறந்துட்டாங்க” என்றேன்.

கூட வேலை செய்யும் அக்கா எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “செபத்துல சேத்துக்கிறேன், அவங்க பேரு என்னா?” என்று கேட்டார். அவசரத்தில் வேறு பேர் வாயில் வரவில்லை. அம்மா போனபின் எனக்கென்று இருந்த ஒரே சித்தியின் பேரைச் சொன்னேன்.

திட்டக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கி மாத்திரை வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பூசையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இறந்தவர்களுக்கான மன்றாட்டில், அக்கா எழுதிக்கொடுத்திருந்த அவர் பேரைச் சாமியார் ஊரோடு சேர்த்து வாசித்தார். சித்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார். முன்வரிசையிலிருந்து அந்த அக்கா என்னை ஆறுதலாகப் பார்த்தார்.

கோயில் வாசலில் சித்தி கேட்டார்: “நான் எப்படிம்மா செத்தேன்?”

கோபமே இல்லாமல்தான் கேட்டார். என் கணவரும் அக்காவும் பக்கத்தில் நின்றார்கள். இன்னொரு பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துச் சித்தியிடம் நீட்டினேன். அக்கா விலகிப் போய்விட்டார்.

“எல்லாத்தையும் குப்பையில போடு” என்றார் கணவர். சித்திதான் தடுத்தார். “டாக்டரைக் கேக்காம எதுவும் பண்ணாதீங்க” என்று சொல்லி, மறுநாள் அவரே என்னோடு வந்தார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “திடீர்னு நிறுத்துனா ஃபிட்ஸ்கூட வரலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்க திரும்பி வரலைன்னு நானும் கவனிச்சிருக்கணும்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குறைத்து முடிக்கப் பல மாதம் ஆனது. தூக்கம் கெட்டது, வேர்த்துக் கொட்டியது, காரணமில்லாமல் வீட்டில் எரிந்து விழுந்தேன். இப்போது மாத்திரை இல்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “உன் சித்திக்காக நான் நெசமாவே அழுதேன்டி” என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மறுபடி என் பக்கத்தில் வந்து உட்காரப் பல வாரம் ஆனது.