மூச்சு வாங்கவில்லை என்றோம்

என் அக்காவின் கணவரும் நானும் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள். மோட்டார் மொட்டை மாடியில் இருக்கும். லிஃப்ட் நின்றால்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ஆக, லிஃப்ட்காரனுக்கு வாய்த்தது மாடிப்படிதான். மச்சான் ஒரு காலத்தில் பத்து மாடியையும் நிற்காமல் ஏறிவிட்டு, கீழே திணறும் என்னைத் தூக்கிப்போக ஆள் அனுப்பட்டுமா என்று வம்பிழுப்பார்.

போன வருஷம் கம்பெனி நடத்திய பரிசோதனையில் அவருடைய இதய வால்வு மோசமாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டார். தினமும் மாடி ஏறுகிறேன், ஒன்றுமில்லை என்றார் மச்சான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். கூட வந்திருந்த அக்காவும் என்னைப் பார்த்தாள்.

"என்னைவிட நல்லா ஏறுவாரு டாக்டர்," என்றேன்.

தொந்தரவு இல்லாவிட்டாலும் இதயம் தளருமுன் வால்வை மாற்றிவிடுவது நல்லது என்றார் அவர். அவசரமா என்று மச்சான் கேட்டார். தொந்தரவே இல்லையென்றால் அடிக்கடி சோதித்துக்கொண்டு பொறுத்தும் பார்க்கலாம் என்றார். பொறுப்பதையே பிடித்துக்கொண்டோம்.

பூனை கண்ணை மூடிய கதைதான். அந்தப் பரிசோதனைக்கு முன்பே எட்டு மாதமாக அவர் கருவிப் பையையும் நான்தான் சுமந்துகொண்டிருந்தேன். மாடிக்கு மாடி, லிஃப்ட் கதவைத் தடவிப் பார்க்கிற சாக்கில் அவர் நிற்பார். அப்படி நின்று நின்று ஏறுகிறவருக்கு மூச்சு எப்படி வாங்கும்? விஷயம் தெரிந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம். உதவுவதாக நினைத்தேன், முட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஏழாவது மாடியில், கதவைத் தடவிக்கொண்டே சரிந்தார்.

இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, ஆபரேஷனைத் தாங்குவாரா என்று சொல்லமுடியாது, செய்யாவிட்டால் பிழைக்கவே மாட்டார் என்றார் அதே டாக்டர். இன்று காலை உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. அக்காவின் பக்கத்தில் உட்கார எனக்குக் கூசியது. பையை நான் சுமந்ததையெல்லாம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"தண்ணிக் கேனத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே உக்காந்துடுவாருடா," என்றாள். "அன்னைக்கு டாக்டர்கிட்ட அதச் சொல்லத்தான் இருந்தேன். நீ முந்திக்கிட்ட. கூடவே ஏறுறவன் சொல்றானேன்னு பேசாம இருந்துட்டேன்."