பத்து மணிக்குப் பூட்டும் பூங்கா

என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது நான் வேலை பார்த்த ஃபேப்ரிகேஷன் கம்பெனியை மூடிவிட்டார்கள். மனைவி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் தூரம். குழந்தையை நான் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் நினைத்தோம். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

குழந்தையைப் பார்க்கும் வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. பருப்புச் சாதம் மசிக்கக் கற்றுக்கொண்டேன், தலைக்கு ஊற்றக் கற்றுக்கொண்டேன். பேச ஆள் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. பகலில் எங்கள் அபார்ட்மெண்டில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். பெண்கள் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் என்னிடம் பேசுவார்கள். சில நாள் மனைவி வரும்வரை காய்கறி வண்டிக்காரரைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

தெருக்கோடியில் ஒரு பூங்கா இருந்தது. நடக்க வருகிறவர்களுக்காகக் காலையில் திறந்து பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான். என் மகள் எழுந்து, குளித்து, சாப்பிட்டு முடிக்கவே பத்தாகிவிடும். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஊஞ்சலைப் பார்த்து அழுவாள்.

ஒரு நாள் அங்கன்வாடியில் கூட்டம் என்றார்கள். சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வார்டில் என்ன வேண்டும் என்று கேட்டுத் திட்டம் போடப்போகிறார்களாம். மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பாயில் இருபது அம்மாக்கள்.

"அம்மா வரலையா சார்?" என்றார் அங்கன்வாடி டீச்சர்.

"நான்தாங்க பாத்துக்கறேன்."

யாரோ சிரித்தார்கள். கேலியாக இல்லை, ஆனாலும் எனக்குக் கூசிப்போயிற்று.

குடிதண்ணீர், நாய்த் தொல்லை, தடுப்பூசி போடும் இடத்தில் நிழல் இல்லாதது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் பூங்காவைச் சொன்னேன். "பத்துலேருந்து நாலு வரைக்கும்தாங்க நாங்க தனியா இருக்கோம். அப்பப் பார்த்துப் பூட்டிடறாங்க." 'நாங்க' என்று வாயில் வந்துவிட்டது.

"வெயில்ல யாரு சார் வருவாங்க?" என்றார் மாநகராட்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி.

பாயின் ஓரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நான் வருவேன்" என்றாள்.

சில மாதம் கழித்துப் பகல் ஒரு மணி வரை திறந்து வைத்தார்கள். வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சும் போட்டார்கள். முதல் வாரம் நானும் மகளும் மட்டும்தான். பிறகு அம்மாக்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து மாமியார், காய்ச்சல், ஸ்கூல் அட்மிஷன் என்று பேசுவார்கள். இன்னொரு பெஞ்சு எனக்கு. நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடும். அதனால் போக மாட்டேன். என் மகள் மட்டும் போய் எல்லார் மடியிலும் ஏறிவிட்டு வருவாள்.

அங்கன்வாடிக் கூட்டத்தில் 'நான் வருவேன்' என்ற அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் போன் வந்தது. "கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா அண்ணா?" என்று குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தூங்கிடுச்சும்மா" என்றேன்.

"அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று என் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். பூட்ட ஆள் வரும்வரை குழந்தை என் மடியிலேயே தூங்கியது.

அடுத்த ஜூனில் மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். எனக்குத் துவாக்குடியில் வேலை கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.