ஹட்டனிலிருந்து ஒரு சூடான வால்வு

1976 ஆகஸ்ட். காலை 6.20க்கு அக்கரப்பத்தனையில் பஸ் ஏறினேன். பையில், செத்துப்போன ரேடியோ வால்வு ஒன்று: ஈ.எல். 84, ஒன்பது கால். இது போய்விட்டால் ரேடியோவில் சத்தம் வராது. பார்வை போன பிறகு என் மனைவி செல்லம்மாவுக்குப் பகல் முழுக்க ரேடியோதான் துணை. அது ஊமையாகிப் பதினொரு நாள். வீட்டில் என் குரல் மட்டுமே. அதுவும் குறை சொல்லும் குரல்.

தலவாக்கலையில் பஸ் மாறினேன். கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் நான்கு. அதில் ஒன்று எனக்கு. மொத்தம் இருபத்திரண்டு மைல் என்றார் நடத்துநர். ஹட்டனில் இறங்கியபோது 9.05, இடது தோள் மழையில் முழுக்க நனைந்திருந்தது.

ரேடியோ திருத்தும் முத்து, மேசை லாச்சியிலிருந்து பழைய வால்வுகள் இரண்டை எடுத்து டெஸ்டரில் செருகினார். முள் பாதியைத் தாண்டவில்லை.

"ரெண்டும் கெழடு சேர். ஒங்களுக்கு முன்னாடியே ரிட்டயராயிருச்சு."

நான் சிரிக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் செல்லம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் கஷ்டம்.

பத்தரைக்கு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ரேடியோவுடன் வந்தாள். புருஷன் தேயிலைத் தொழிற்சாலையில் மோட்டார் பார்ப்பவர்; ஒப்பந்தப்படி குடும்பம் மறுநாள் ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்படுகிறது. ரேடியோ முகப்பில் போன ஆயுத பூசைச் சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.

"முழுசா வாங்க ஆளில்லம்மா. எல்லாம் டிரான்சிஸ்டர் கேக்குறாங்க. பிரிச்சுத்தான் விக்கணும்" என்று காசைக் கொடுத்துவிட்டு, முத்து அதிலிருந்த அதே ரக வால்வைக் கழற்றி டெஸ்டரில் வைத்தார். முள் பச்சைக் கோட்டில் போய் நின்றது. இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை.

"இன்னும் ஒருக்கா பாத்தா அதுக்கே சந்தேகம் வந்துரும் சேர்!"

பதினெட்டு ரூபாய். பணத்தை எடுத்தபோது அந்தப் பெண் சொன்னாள்: "அண்ணே, மறுபடி மாட்டி ஒரு பாட்டு பாட விடுங்கண்ணே. கேட்டுட்டுப் போயிர்றேன்."

முத்து என்னைப் பார்த்தார். மணி 10.50. பஸ் 11.00, அடுத்தது 1.30. "போடுங்கள்" என்றேன்.

வால்வு சூடேற முக்கால் நிமிடம். பாட்டு வந்தது. அவள் ரேடியோவின் மேல் கையை வைத்தபடி நின்றாள். பாட்டு முடிகையில் 11.04.

"சுடும், தொடாதம்மா" என்று முத்து சொல்வதற்குள் அவள் வால்வைச் சேலைத் தலைப்பால் பிடித்து, ஆட்டாமல் உருவி, என் கைக்குட்டையில் வைத்தாள்.

"ஐயா வீட்டுல யாரு கேக்குறது?"

"மனைவி. கண் தெரியாது."

"பையில போடாதீங்க. கையிலயே வச்சுக்கங்க."

திரும்பும் பஸ்ஸில் கையிலேயே வைத்திருந்தேன். லிந்துலைக்கு மேல் வளைவுகளில், பக்கத்தில் நின்ற கொழுந்து பறிக்கும் அம்மாள், நான் விழாதபடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வீடு வந்து வால்வை மாட்டியதும் ரேடியோ பேசியது. செல்லம்மாவின் முகம் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அவங்க போற எடத்துல ரேடியோ இருக்குமாங்க?" என்றாள்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.