ஸ்டியரிங் கியரைத் தேடிய வாரங்கள்

என் மனைவிக்கு நான்கு வருடம் டயாலிசிஸ் நடந்தது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறரைக்கு லகாட்டிலிருந்து கிளம்பி ஈப்போவில் இருக்கும் செண்டருக்குப் போவோம். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடப்பாள். போகும்போது பேசிக்கொண்டு போகிறவள், திரும்பும்போது உட்காரக்கூட முடியாமல் வருவாள். ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி, கழுத்து நிற்காது.

அதனால்தான் எங்களுக்கு அந்தப் பழைய பிக்கப் தேவைப்பட்டது. மகள் வாங்கிக் கொடுத்த நல்ல கார் வீட்டில் நின்றது. அதன் முன் சீட்டைச் சாய்த்துப் பார்த்தோம், வாந்தி வந்தது. பின் சீட்டில் படுக்க வைத்தேன். பாதி வழியில், "பொணத்தக் கொண்டு போற மாதிரி இருக்கு, நிறுத்துங்க," என்றாள்.

பிக்கப்பில் முன்னால் ஒரே நீள சீட். நாங்கள் பிறந்த தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றபோது, ஆபீசில் ஓடிய அந்த வண்டியையும் விற்றார்கள், நான் வாங்கினேன். அதில் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் கம்பத்தின் இடப்பக்கம் கை போல நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒன்றும் தடுக்காது. அவள் கால்களை மடக்கிக் கதவுப் பக்கம் வைத்து, என் தொடையில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். கிளட்ச் மிதிக்கும்போது தொடை ஆடும். "மெதுவாலா," என்பாள் கண்ணைத் திறக்காமல். சாலை நேராகி மேல் கியர் விழுந்துவிட்டால் என் இடது கைக்கு வேலை இல்லை. அவள் நெற்றியில் கிடக்கும்.

ஒருமுறை போலீஸ்காரர் வண்டியை மறித்து என்னிடம் லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று இவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவர் ஓரடி பின்னால் போய்விட்டார். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது, புந்தோங் சமிக்ஞை விளக்கருகில் கியர்க் கம்பி கையோடு தொளதொளவென்று வந்தது. இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறை வரை போனேன். அவளை வாடகைக் காரில் ஏற்றி வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் அதற்குள் ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து ஓர் இரும்புத் துண்டைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளங்கை அளவு. இரண்டு சிறு கொம்புகள் இருக்க வேண்டியதில் ஒன்று முறிந்திருந்தது.

"இது எங்கேயும் கிடைக்காதுண்ணே. வார்ப்பு இரும்பு. ஒட்டினாலும் நிக்காது," என்றார். "கீழ கியர் போட்டுரலாம். ஒரே நாள் வேலை. இந்த வண்டி வெச்சிருந்தவங்க எல்லாம் அப்பவே மாத்திட்டாங்க."

தரையில் எந்த இடத்தில் கியர் வரும் என்று கேட்டேன். சீட்டின் நடுவுக்கு முன்னால் கையை வைத்துக் காட்டினார். அதன் தலை எங்கே வரும் என்று நான் மனத்தில் அளந்தேன். அவள் முகத்துக்கு நேராக வரும்.

"வேணாம். இருந்த மாதிரியே வேணும்."

"ஏண்ணே இந்தப் பிடிவாதம்?"

அறுபத்திரண்டு வயது ஆள், என் மனைவி என் மடியில் படுத்து வருவாள் என்று ஒரு பட்டறையில் நின்று எப்படிச் சொல்வது? அசல் கெடக்கூடாது என்றேன். பழைய வண்டிப் பைத்தியங்களில் நானும் ஒருவன் என்று நினைத்துக்கொண்டார். அவராகவே ஒட்டியும் பார்த்தார். இரண்டாம் நாள் மறுபடி முறிந்தது.

வேறு வழியில்லாமல் செண்டருக்குக் காரிலேயே, நிறுத்தி நிறுத்திப் போய் வந்தோம். நான் தேடத் தொடங்கினேன். லகாட் சாலையில் வண்டிகளை வெட்டி விற்கும் சீனர், அந்தத் துண்டின் படத்தைப் பார்த்ததுமே "சுசா லா," கிடைப்பது கஷ்டம் என்று தலையை ஆட்டினார். ஆனாலும் கொட்டகைக்குள் கூட்டிப்போய் மூன்று இரும்புப் பெட்டிகளைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். ஜோகூரில் இருந்து ஒருவர், தன்னிடம் இருப்பதாகச் சொல்லித் தபாலில் அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் அதுவும் அதே இடத்தில் முறிந்திருந்தது. தைப்பிங்கில் ஒருவரிடம் முழுசாக இருந்தது. கொட்டும் மழையில் போய் வாங்கி வந்தேன். கொம்பு ஒரு விரல் கூடுதலாக நீண்டிருந்தது; வேறு வருடத்து வண்டியுடையது. கடைசல் பட்டறைக்காரர் புதிதாகவே செய்து தரலாம் என்றார், ஆனால் அளவெடுக்க உடையாத ஒன்று வேண்டும் என்றார்.

டயாலிசிஸ் நாளில் என்னால் எங்கும் அசைய முடியாது. அதனால் மற்ற நாள்களில் போனேன். புதன், வெள்ளி, ஞாயிறு.

இதை எழுதும்போதே கை நிற்கிறது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள்தான் அவளுக்கு நல்ல நாள். ரத்தம் சுத்தமாகி, உடம்பு தூங்கி எழுந்து, முகத்தில் ஒரு தெளிவு வரும். மெதுவாகச் சமைப்பாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பூச்சட்டியில் களை பிடுங்குவாள். பக்கத்து வீட்டாரைப் பற்றி வம்பு பேசுவாள். வாரத்தில் அவள் அவளாக இருந்த நாள்கள் அவை மட்டும்தான். அந்த நாள்களில் நான் பழைய இரும்புக் கடைகளில் நின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"இன்னைக்கும் போறீங்களா?"

"சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இதே வண்டி நிக்குதாம். நேத்துதான் சொன்னாங்க."

"புந்தோங்ல அப்பம் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. போலாமான்னு பாத்தேன்."

"அடுத்த வெள்ளி கண்டிப்பா போலாம். இன்னைக்கு விட்டா வேற ஒருத்தன் தூக்கிருவான்."

"சரி, பசியாறிட்டுப் போங்க." தண்ணீர் போத்தலை நிரப்பிக் கையில் கொடுத்தாள்.

அந்தத் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. பழைய தொழிலாளர் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருந்தது. என் வயதுள்ள ஓர் அம்மாள், ஆடு வளர்க்கிறார். பிக்கப் வீட்டுக்குப் பின்னால் நின்றது. சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை. உள்ளே, அதே நீள சீட்டின் மேல், குட்டி போட்ட ஆடு ஒன்று படுத்திருந்தது.

"இத வாங்க முன்னமே ரெண்டு பேரு வந்தாங்க," என்றார் அந்த அம்மாள். "குடுக்கல. மழைக்கு ஆடு எங்க போகும்?"

"வண்டி வேணாங்கா. ஸ்டியரிங்குக்கு அடியில ஒரு சின்ன துண்டு மட்டும் போதும்."

"அது என்னத்துக்கு? வேற போட்டுக்கலாமே."

ஏனோ அவரிடம் சொன்னேன். மெக்கானிக்கிடமும் வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லாததை, வாசலில் நின்றபடி முழுவதும் சொல்லிவிட்டேன். டயாலிசிஸ், கழுத்து நிற்காதது, தரைக் கியர் வந்தால் அவள் தலை வைக்க முடியாது என்பது எல்லாம். கேட்டு முடித்ததும் அவர் போய் ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். குட்டிகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "போய் எடுத்துக்கங்க," என்றார்.

புழுக்கையில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த ஆணிகளோடு இரண்டு மணி நேரம் போராடினேன். துண்டு முழுசாக வந்தது. இரண்டு கொம்பும் இருந்தன. நான் கொடுக்கப் போன பணத்தை அந்த அம்மாள் வாங்கவில்லை. "போய் வீட்டுக்காரம்மாவப் பாருங்க," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாலையாகிவிட்டது. அவள் படுத்திருந்தாள். துண்டைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மூக்கருகில் கொண்டுபோய் முகம் சுளித்தாள்.

"இதுக்குத்தானா ஆறு வாரம்?"

"இதுக்குத்தான்."

"எம்மாடி, சின்னதா இருக்கு," என்று சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை வண்டி தயார். செண்டரிலிருந்து அவளைத் தாங்கிக்கொண்டு வந்து ஏற்றினேன். படுத்தாள். கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் நான் எதையோ ஜெயித்தவன் போல இருந்தேன். அந்தக் குழுவில் படம்கூடப் போட்டேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "ஏங்க, கொஞ்சம் உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

"எனக்குப் போதுங்க. நாளைக்கு செண்டருக்குப் போகல."

ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, சனிக்கிழமை போகலாம் என்றேன்.

"சனிக்கிழமையும் இல்ல. இனிமே இல்ல." கீரையைக் கீழே வைத்தாள். "டாக்டர்கிட்ட பேசிட்டேன். பொண்ணுக்கும் தெரியும்."

நான் கத்தினேன். நான்கு வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. மகளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ஷா ஆலாமில் இருந்து அவள் அழுதுகொண்டே, "அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்கப்பா. நான் எத்தனையோ தடவ கெஞ்சிப் பாத்துட்டேன்," என்றாள். கத்தி ஓய்ந்த பிறகு மனைவியிடம் கேட்டேன்.

"எப்ப முடிவு பண்ணின?"

"நீங்க தைப்பிங் போனீங்கல்ல, அன்னைக்கு."

தைப்பிங் போய் இரண்டு மாதம் இருக்கும்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க தேடிக்கிட்டு இருந்தீங்க." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அது கிடைக்காம நான் போயிட்டா, அதையே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. உங்களத் தெரியாதா? கிடைக்கட்டும்னு இருந்தேன். கிடைச்சதும் கொஞ்ச நாள் அதுல வரணும்னு இருந்துச்சு. வந்துட்டேன்."

எனக்காக அவள் அந்த ஊசிகளுக்குக் கையை நீட்டியிருக்கிறாள். வாரத்துக்கு மூன்று முறை, இரண்டு மாதம். நானோ அவளுக்காக ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய நல்ல நாள்களையெல்லாம் தின்றுவிட்டேன். அன்று அவள் மடியில் தலை வைத்து நான்தான் அழுதேன். அவள் கையில் கீரை மண் இருந்தது. புறங்கையால் என் தலையைத் தடவினாள்.

வெள்ளிக்கிழமை புந்தோங் போனோம். பாதி அப்பம் சாப்பிட்டாள். பிறகு இளநீர் வேண்டும் என்றாள். நான்கு வருடமாக டாக்டர் தடுத்து வைத்திருந்தது. கடைக்காரர் வெட்டிக் கொடுக்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். காயைப் பிளந்து வழுக்கையும் சுரண்டித் தரச் சொன்னாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குலா," என்றாள். அந்த வாரம் மகள் வந்துவிட்டாள். முதல் சில நாள்கள் அவர்கள் இருவரும் பேசிச் சிரிக்கும் சத்தம் அறைக்குள்ளிருந்து கேட்டது. அப்புறம் தூக்கம் அதிகமானது. மூச்சு கனத்தது. பதினோராம் நாள் காலை, மகள் காப்பி போட அடுப்படிக்குப் போன நேரத்தில், என் கண் முன்னாலேயே மூச்சு நின்றது. வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, செண்டரிலிருந்து தாதி கூப்பிட்டார். அவளுடைய போர்வை அங்கேயே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ள முடியுமா என்றார். காரில் போனேன்.

அவள் படுத்திருந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். புதியவள், பயத்தில் கையை விறைப்பாக வைத்திருந்தாள். அவள் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த போர்வையைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்காண்ணே? எத்தன வருசமா வாராங்க?"

"நாலு வருசம்."

"நாலு வருசமா!" அவர் முகம் மலர்ந்தது. "எங்களுக்கு இது ரெண்டாவது வாரம். எவ்வளவு நாள் தாங்குமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் எங்கேயும் வெளிய போகாதீங்க. அவங்க கூடவே இருங்க," என்றேன்.

"ஏண்ணே, மயக்கம் கியக்கம் வருமா?"

"ஆமா," என்றேன்.

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர்தான் சொன்னாரு."

அவர் போனை எடுத்து, மறக்காமல் இருக்க, அதைக் குறித்துக்கொண்டார்.