தூண் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்ட லூர்து

லூர்து மேரி இறந்துவிட்டாள்.

நேற்று காலை, விவேக் நகரில், அவள் வீட்டிலேயே. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்று அவள் தம்பி போனில் சொன்னான். ஐம்பது கூட ஆகவில்லை...

என் பழைய ஆபீஸில் எனக்கு அடுத்த சீட். வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் கம்பெனி. நாங்கள் இருவரும் டேட்டா டீம். எது எவ்வளவு விற்றது, எங்கே தாமதம், எது திரும்பி வந்தது என்று பார்த்து, சார்ட் போட்டு மேலே அனுப்புவது வேலை.

நான் ஆம்பூரிலிருந்து வேலைக்காக வந்தவள். அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் ஆரம்பிக்கும் சண்டையைக் கன்னடத்தில் முடிப்பாள்.

ஒருநாள் மதியம் அல்சூரில் ஒரு புது பிரியாணிக் கடைக்குப் போகலாம் என்றேன். நல்ல ரேட்டிங். லூர்து என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"ஆவரேஜ் நாலுன்னு இருக்கு. உள்ள போய்ப் பாருடி. எல்லாம் அஞ்சு, இல்லன்னா ஒண்ணு. நடுவுல ஒருத்தன் கூட இல்ல."

"அதனால?"

"அஞ்சு போட்டவன் ஓனரோட சொந்தக்காரன். ஒண்ணு போட்டவன் சாப்ட்டவன்."

இருந்தும் போனோம். சாப்பிட்டுவிட்டு அவளும் ஒன்று போட்டாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கம்பெனிக்கு இரண்டு கிடங்குகள். ஒன்று நெலமங்கலாவில், இன்னொன்று அத்திபெலேவில். அத்திபெலேவில் பேக்கிங் முழுக்கப் பெண்கள். ஓசூர் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் நிறைய. அந்தப் பேக்கிங் பிரிவை மூடிவிட வேண்டும் என்று மேலே ஒரு யோசனை.

மீட்டிங்கில் ஆபரேஷன்ஸ் ஹெட் ஒரு ஸ்லைடு போட்டார். ஒரு ஆர்டரை பேக் செய்ய ஆகும் சராசரி நேரம், பார் சார்ட்டாக. நெலமங்கலாவுக்கு ஒரு குட்டித் தூண். பக்கத்தில் அத்திபெலே, பனைமரம் மாதிரி.

"சார், அந்தத் தூண் எங்க இருந்து ஆரம்பிக்குது?" என்றாள் லூர்து.

"எந்தத் தூண்?"

"ரெண்டும்தான். கீழ ஜீரோவே இல்லையே. பாதியில வெட்டிட்டு மேல மட்டும் காட்டறீங்க."

தன் லேப்டாப்பைத் திரையில் இணைத்து, ஜீரோவிலிருந்து போட்டுக் காட்டினாள். இரண்டு தூணும் ஏறக்குறைய ஒரே உயரம். அத்திபெலே கொஞ்சம்தான் அதிகம்.

"அப்பவும் அத்திபெலேதானே ஸ்லோ?" என்றார் ஹெட்.

"எல்லா ஆர்டருமா சார் ஸ்லோ? ஆன டைம்படி வரிசையா நிக்க வெச்சு, நடுவுல நிக்கிற ஆர்டரைப் பாருங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே டைம்தான்."

அடுத்து ஒரு ஹிஸ்டோகிராம், எவ்வளவு நேரத்தில் எத்தனை ஆர்டர் முடிந்தது என்று. அத்திபெலே ஆர்டர்களில் பெரும்பாலானவை இடது பக்கம் குவிந்து கிடந்தன... சீக்கிரம் முடிந்தவை. வலது கோடியில் மட்டும் தனியாக ஒரு சின்ன மேடு. நிலைக்கண்ணாடி, கண்ணாடி அலமாரி மாதிரிச் சாமான்களை மட்டும் சிவப்பாக்கினாள். அந்த மேடு முழுக்கச் சிவப்பு.

நெலமங்கலாவில் அந்த மேடே இல்லை. ஏனென்று அறையில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கண்ணாடி உடைந்துகொண்டே இருந்ததால், கண்ணாடி ஆர்டர் எல்லாம் அத்திபெலேவுக்கு மாற்றப்பட்டிருந்தது.

"மாத்தச் சொன்னதே நீங்கதானே சார். கஷ்டமான வேலைய அவங்க தலையில கட்டிட்டு, லேட்டாகுதுன்னு நீங்களே வீட்டுக்கும் அனுப்புவீங்களா?"

"லூர்து, இத நாம தனியா பேசலாம்."

"இங்கயே பேசலாம் சார். ஸ்லைடு இங்கதானே போட்டீங்க."

பிரிவு மூடப்படவில்லை.

அந்த வருஷ அப்ரைசலில் அவளைப் பற்றி 'டீமோடு ஒத்துப்போவதில்லை' என்று எழுதினார்கள். வர வேண்டிய புரொமோஷன் வரவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னபோது மறுத்துவிட்டாள்.

பாத்ரூமில் அழுதாள், எனக்குத் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"மெதுவா சொன்னா அவங்க காதுல விழாதுடி."

பிறகு வேறு கம்பெனிக்குப் போனாள். அங்கேயும் இப்படித்தான் இருந்தாள் என்று கேள்வி. சந்தோஷமாக இருந்தது.

இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அத்திபெலே பெண்கள் நின்றிருந்தார்கள். அங்கே பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாவை எனக்கு முன்பே தெரியும். மீட்டிங்கில் லூர்து பேசியதை அப்போதே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லன்னுட்டாங்க. வந்துட்டோம்."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் லூர்துவின் காலடியில் மாலையை வைத்தார். அவளை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

பழைய ஆபீஸ் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார், 'எல்லோரையும் அனுசரித்துப் போன அன்புத் தோழி' என்று. அதற்குக் கீழே நான் எழுதினேன்: 'லூர்து அனுசரித்துப் போனவள் இல்லை. அத்திபெலேவில் கேட்டுப் பாருங்கள்.'

உடனே ஒருவர் தனியாக மெசேஜ்... "இந்த நேரத்துல இது தேவையா? டெலீட் பண்ணிடு, ப்ளீஸ்."

மாலையில் அடக்கம். இப்போது மாதா கோயிலுக்குக் கிளம்புகிறேன். மண் போடும்போது நான் அழுவேன். அந்த வரியை எடுக்க மாட்டேன்.

போய் வா, லூர்து.