சிலுப்பாத கிடா

சூலக்கரைப் பக்கம் பிளாட் வாங்கி வீடு கட்டியபோது காம்பவுண்டுக்குள் ஒரு ஆடு நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுக்காரரின் ஊர்க்காட்டில் தாயாடு வயிறு உப்பிச் செத்துப்போய், ஒற்றைக் கிடாக்குட்டி மிஞ்சியது. தேற்றித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லித்தான் காரில் போட்டுக்கொண்டு வந்தார். புட்டிப்பால் கொடுத்தது நான். பிறகு அனுப்ப மனசு வரவில்லை. இதில் பெரிய ஜீவகாருண்யம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் கறி எடுப்பதுண்டு. இந்த ஒரு ஆட்டை விட முடியவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வத்தல் மொத்த வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். ஆயுசு முழுக்க மிளகாய் நெடியில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு குட்டியின் வாடை தாங்கவில்லை.

“ஏந் தங்கச்சி, இது குடியிருக்கிற இடமா, ஆட்டுச் சந்தையா? சோத்துல கை வைக்க முடியல. கிடா வாடை மூக்கத் தொளைக்குது.”

அதற்காகத் தினமும் குளிப்பாட்ட ஆரம்பித்தேன். அதிலும் ஒரு சிக்கல். நடுச்சுவர் குட்டை. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய வெள்ளைக் கார் நிற்கும். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அழுக்குத் தண்ணீர் அதன் மேல் தெறிக்கும். அதனால் ஹோஸை மூடியதும் இரண்டு காதையும் பிடித்துக்கொள்வேன். துண்டால் துவட்டி முடித்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் விடுவேன். அப்புறம்தான் சிலுப்பும். நாளாக ஆக, காதைப் பிடிக்க வேண்டிய வேலையும் இல்லாமல் போனது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி துண்டுக்காக நின்றது.

ஆனாலும் வம்பு தீரவில்லை. சுவரோரம் அவர் வீட்டம்மா வைத்திருந்த பிச்சிக்கொடியை ஆடு ஒருநாள் மொட்டையடித்துவிட்டது. தெருவில் இன்னும் சிலரைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி வாசலுக்கு வந்தார். பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குச் சண்டை என்றால் நாக்கு குழறிவிடும்.

“கோவிச்சுக்காதீக அண்ணாச்சி. அது எங்க குலசாமிக்கு நேந்துவிட்ட கிடா” என்றார்.

அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி இரண்டடி பின்னால் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

“சாமி கிடான்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பெரிய பாவத்துக்கு ஆளாக்கப் பாத்தீகளே!”

அன்றோடு அவருக்கு வாடை அடிப்பது நின்றது. காலையில் அகத்திக் கீரை வரும். பிச்சிக்கொடி தழைத்ததும் வீட்டம்மாவே கிள்ளிக் கொடுத்தார். தெருவே சேர்ந்து வளர்த்ததில் ஆடு கொழுத்தது. நானும், போகிற வரைக்கும் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அண்ணாச்சியின் மருமகன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒருநாள் மதியம், அந்தப் பக்கம் ஒரு ஷெட் வெடித்துவிட்டது என்று டிவியில் ஓடியது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அண்ணாச்சி திரும்பத் திரும்பப் போன் போட்டும் யாரும் எடுக்கவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டின் தலையில் இரண்டு கையையும் வைத்து, பெயர்கூடத் தெரியாத எங்கள் குலசாமியிடம் வேண்டினார். சாயங்காலம் மருமகன் பேசிவிட்டார்.

“வர்ற மாசிக்குக் கிடா வெட்ட எங்க குடும்பமும் வாரோம். மாலை, பொங்க அரிசி எல்லாம் என் பொறுப்பு” என்றார் அண்ணாச்சி.

அவர் போனதும் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “உங்க வாய்க்கு என் ஆடு பலியா?”

“சாமி பேரச் சொல்லியாச்சு. இனிமே பொய்யின்னா அந்த மனுசன் என்னாவாரு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் அதிகமானது.

எங்கள் கோயிலில் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால், அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு. சிலுப்பாத கிடாவில் கத்தி வைக்க மாட்டார்கள். அந்த மாசியில் பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். ஆடு நின்றது. அடுத்த சொம்பு, அதற்கடுத்த சொம்பு. காதிலும் ஊற்றிப் பார்த்தார்கள். அது கூட்டத்தில் என்னைத் தேடியது. வீட்டில் ஏதோ தீட்டு என்றார் ஒருவர். “வளத்த கை ஊத்தட்டும்” என்றார் பூசாரி.

ஊற்றினேன். ஈரத் தலையை என் இடுப்பில் வைத்துத் தேய்த்தது. முதுகில் ஒரு தட்டுத்தான் பாக்கி. சொம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“உத்தரவு இல்லம்மா” என்றார் பூசாரி.

போன வேனிலேயே ஆட்டோடு திரும்பினோம். எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அண்ணாச்சி வழி முழுக்க மாலையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் சொம்போடு வருவார். ஆட்டின் முதுகில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, சிலுப்புமா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். “மருமகன் இன்னைக்கும் வேலைக்குப் போயிருக்காக” என்பார். எனக்குப் பாவமாக இருக்கும். ஆனாலும் கத்தி ஞாபகம் வரும். உள்ளே போய்விடுவேன்.

தீபாவளி சீசன் நெருக்கத்தில் மறுபடியும் டிவியில் அதே ஊர்ப் பெயர் ஓடியது. அண்ணாச்சி வெறுங்காலோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் சொம்புத் தண்ணீர் பாதி தரையில் போயிற்று. மீதியை ஆட்டின் மேல் ஊற்றினார்.

“வெட்ட வேண்டாம் தங்கச்சி. கத்தியே வேண்டாம். ஏத்துக்கிட்டேன்னு ஒரு தடவை சிலுப்பினா போதும். அதுபாட்டுக்கு ஆயுசுக்கும் இங்கனயே கெடக்கட்டும்.”

ஆடு அசையாமல் நின்றது. நான் கிட்டே போய் அதன் முதுகில் தட்டினேன்.

ஒரே சிலுப்பு. அவர் முகம், சட்டை, என் சேலை எல்லாம் நனைந்தது. அண்ணாச்சி படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார்.

“வேற கம்பெனியாம்” என்றார். கொஞ்சம் கழித்து, “யாரு பெத்த பிள்ளைகளோ” என்றார்.

துணிக்கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆடு வழக்கம்போல என் முன்னால் வந்து நின்றது. துண்டை முதலில் அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.