மாமாவின் கிட்டாருக்குக் காது கொடுத்தது

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மாமா ஒரு பேஸ் கிட்டார் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனார், என்னையும் கூட்டிப்போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. விழுப்புரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று அலையும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பார். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்குமே, அது அவருடையது. அதற்காக யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

பழைய கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது. ஆடி மாதத்துக்குள் புதிது வாங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக, குழுவை நடத்திய மாஸ்டர் சொல்லியிருந்தார். பஸ் வளவனூரைத் தாண்டும்வரை கண்டக்டர் மூன்று முறை டிக்கெட் கேட்டார். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடித்த பிறகுதான் திரும்பினார். முந்தின நாள் கச்சேரியின் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

கடையில் அவர் கேட்டது சாதாரணமான ஒன்றுதான். "ரொம்ப மட்டமும் வேணாம், ரொம்ப ஒசத்தியும் வேணாம். குத்துப் பாட்டுக்கும் தாங்கணும், மெலடிக்கும் கொழையணும், சர்ச்சுல கூப்ட்டாலும் எடுத்துக்கினு போவணும்."

கடைக்காரர் மூன்றை இறக்கினார். ஐந்து கம்பி வைத்த கறுப்பு கிட்டாரைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம் நின்னா தோளு கழண்டுடும்" என்று மாமா உடனே திருப்பிக் கொடுத்தார். மீதி இரண்டும் நாலு கம்பி. ஒன்று பளபளக்கும் சிவப்பு. இன்னொன்று பழைய பீரோ நிறத்தில் ஒரு பழுப்பு. எனக்குச் சிவப்பின் மேல்தான் ஆசை.

மாமா குனிந்து என்னிடம் சொன்னார்: "சளி புடிச்சிக்கினு காது அடைக்குது கண்ணு. நீ கேட்டுச் சொல்லு. கர்ர்னு இரைஞ்சா தலைய ஆட்டு. சத்தம் முழுசா நின்னதும் விரலை மடக்கு."

கடையின் ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து, கம்பி கம்பியாக, கழுத்தின் கட்டம் கட்டமாக அழுத்தித் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் என் விரலையே பார்த்தார். சிவப்பு கிட்டாரில் ஏழாவது கட்டத்தில் கர்ரென்று ஓர் இரைச்சல். ஒரு கணம் சும்மா இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை; தலையை ஆட்டினேன். அவர் அதைக் கீழே வைத்தார்.

பழுப்பு இரையவில்லை. அதன் குமிழ்களில் ஒன்றைத் திருப்பினால் சத்தம் களி மாதிரி தடித்தது. இன்னொன்றைத் திருப்பினால் ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகத் தெளிந்தது. மாமா அதன் விளிம்பில் தாடையை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கும்பிட்டேன். எனக்குக் கால் கடுத்தது, பசித்தது.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், காலைலேர்ந்து அதையே தட்டிக்கினு கீறீங்க. பேஜாரா கீது. ஜல்தி முடிங்க."

மாமா திரும்பவில்லை. "மாமாவுக்கு சளிங்க" என்று நான்தான் பதில் சொன்னேன். பழுப்பையே வாங்கினோம்.

அடுத்த முகூர்த்தத்துக்குத் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி. மத்தியானம் மேடையில் சத்தம் சரிபார்த்தார்கள். அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். மாஸ்டர் கீழே இறங்கி நின்று கேட்டு, "சவுண்டு கும்முனு கீதே! சரியான கிட்டாரத்தான் புடிச்சிக்கினு வந்துருக்கான்" என்றார்.

பாராட்டு தவறான ஆளுக்குப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், "நான்தான் மாஸ்டர் செலக்ட் பண்ணேன். மாமாவுக்குக் காதே கேக்கல. எல்லாம் நான்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னேன்" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மேடையேறி, மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் பெயரைச் சொன்னார். கொஞ்சம் உரக்க இன்னொரு முறை சொன்னார். மாமா கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இறங்கி வந்து, பந்தியிலிருந்து எனக்கு ஒரு கப் ஐஸ்கிரீம் வரவழைத்துக் கொடுத்தார். "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார்.

அன்றைக்கு மாமா ஓர் இடத்திலும் பிசகவில்லை. டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்தும், மேடைப் பலகையின் அதிர்வைப் பாதத்தில் வாங்கியும் வாசித்தார் என்பதும், வருஷக்கணக்காக ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் நின்றதில் போன காது அது என்பதும் எனக்குப் பின்னாளில் அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆடி வந்தது, கோயில் திருவிழாக்களும் வந்தன. மாஸ்டரிடமிருந்து அழைப்பு வரவில்லை. கேட்டால் "சீசன் டல்லு" என்பார் மாமா. பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மிஷின் இரைச்சலில் எல்லாருமே கத்தித்தான் பேசுவார்கள். அவரை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "அன்னிக்கி மாஸ்டர் உன்கிட்ட இன்னா கேட்டாரு?"

"அவரு ஒண்ணும் கேக்கல மாமா. நானாத்தான் சொன்னேன்" என்று உரக்கச் சொல்லி, சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பெருமையாகத் திருப்பிச் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்க" என்றார். உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

அப்படியென்றால் அடுத்த கிட்டார் வாங்கும்போதும் என்னைத்தான் கூட்டிப்போவார் என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போனேன்.